ஆர்ச் கட்டுவதற்கு முன்னால்: நம் பள்ளியின் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முன்னாள் மாணவர் சங்கத்து அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும், வர்த்தகர் சங்கப் பெரியவர்களுக்கும் அன்பு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடந்த பவள விழாக் கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு 75 வயது ஆகிறது, ஊர் சார்பில் என்ன செய்யலாம் என்று பேச்சு வந்ததும், மெயின் ரோட்டில் பெரிய ஆர்ச் ஒன்று கட்டிவிடலாம் என்று ஓர் அண்ணாச்சி எழுந்து சொன்னார். மண்டபமே கைதட்டியது. பத்து நிமிஷத்துக்குள் ஆளாளுக்குத் தொகை சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள். துபாயில் இருக்கிற ஒருவர் போனிலேயே ஐம்பதாயிரம் என்றார். பள்ளிக்கூடம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்குக் கை தானாகப் பைக்குள் போகும். அதைப் பார்க்க மனசு நிறைந்துதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஆர்ச்சே கூடாது என்று சொல்ல வரவில்லை. கல்லும் சிமெண்டும் இரண்டு வருஷம் பொறுக்கும். இன்றைக்குப் பிளஸ் ஒன்னில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை இரண்டு வருஷத்தில் பள்ளியை விட்டே போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஆள் வேண்டும். பணத்தைவிட ஆள்தான் அதிகம் வேண்டும்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பள்ளி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 1994-ல் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதினேன். 2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுவை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படி உள்ளே வந்தவர்களில் நானும் ஒருவன். கடையில் உட்கார்ந்தால் பள்ளியின் முன்வாசல் தெரியும், குழுக் கூட்டத்துக்குப் போனால் உள்வாசல் தெரியும். இரண்டையும் பார்ப்பவன் என்கிற உரிமையில்தான் சொல்கிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் படம், மார்க், வாழ்த்து. அந்த மூன்று பேரில் ஒரு பையன் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சந்தோஷம் சின்னதில்லை, அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஃப்ளெக்ஸில் வராத ஒரு பெண்ணைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் எட்டாம் வகுப்பு. என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதினாள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இது மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகள்தான் எழுதலாம். தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்கு 6,695 இடம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், நாலு வருஷத்தில் 48,000. நம் பள்ளிக் கணக்கு டீச்சர் ஆறு மாதம் காலை எட்டு மணிக்கே வந்து பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அதில் தேறியவள் இவள் ஒருத்திதான். பிரேயரில் பேர் சொல்லிக் கைதட்டினார்கள். எல்லோரும் அதோடு மறந்துவிட்டோம்.

மறு வருஷம் பொங்கல் கழிந்து அவளும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பணம் வருகிறது, இவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை, என்ன ஏது என்று பார்த்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்றார் அந்த அம்மா. பீடி சுற்றுகிறவர். கையிலும் சேலையிலும் தூள் வாசம். மஞ்சள் பையிலிருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தார். மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பள்ளிப் பதிவில் இன்ஷியல் ஒற்றை எழுத்தாகப் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. வங்கிப் புத்தகத்தில் அவள் பெயரை ஆங்கிலத்தில் எழுதியதில் ஓர் எழுத்துக் குறைகிறது. வாசிக்கிற மனுஷருக்கு மூன்றும் ஒரே பெண்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். போதாததற்கு, சின்ன வகுப்பில் தொடங்கிய அந்தக் கணக்கில் வரவு செலவே இல்லாததால் அது செயலற்றும் போயிருந்தது.

அதைச் சரிசெய்ய அந்த அம்மா ஐந்து தடவை அலைந்தார். ஓரிடத்தில் ஆதாரைத் திருத்திக்கொண்டு வா என்றார்கள். இன்னோரிடத்தில் அதற்கு டோக்கன் முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு தடவை அலைந்தால் ஒரு நாள் பீடி போச்சு. அப்போதுதான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், 70-களில் நம் பள்ளியில் படித்தவர், எதையோ ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தார். அந்த அம்மா கையில் இருந்த தாள்களைப் பார்த்துவிட்டு, "இங்க கொண்டாங்க, நான் பார்க்கேன்" என்று வாங்கினார். அவர்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போனார். இரண்டே நாளில் கணக்கு உயிர் பெற்றது, அடுத்த மாதத்துக்குள் பெயரும் ஒன்றானது. இரண்டாம் வருஷப் பணம் வந்தது. முதல் வருஷத்து 12,000 வரவே இல்லை.

அந்த 12,000 அந்த வீட்டுக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் கேட்டது இலவசம் இல்லை. படித்து, எழுதி, மாநிலத்தில் 6,695 பேருக்குள் ஒருத்தியாக வந்து சம்பாதித்தது. நம் ஊரில் தாளைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாததால் போயிற்று. அவள் இப்போது பிளஸ் ஒன். இந்தத் தொகையை ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வாங்கினால்தான் மேலே தொடரும். அவள் வாங்கிவிட்டாள். இந்தத் தடவை கடைசித் தேதிக்கு முன்னால் நானே கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுவிடுவேன். ஆனால் எனக்குத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்றைக்கு இருக்கிற உதவிகள் கொஞ்சநஞ்சம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000, பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப் புதல்வனில் அதே 1,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பிளஸ் ஒன்னில் தமிழ் இலக்கியத் திறனறிவுத் தேர்வு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தனி உதவித்தொகை; நம் பள்ளியில் பாதி வீடு பீடி வீடுதானே, அம்மாவின் பீடி அட்டையை வைத்து விண்ணப்பிக்கலாம் என்பதுகூடப் பல பேருக்குத் தெரியாது. எல்லாமே தாளில் போய் முட்டி நிற்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு. படித்த அப்பா இருக்கிற வீட்டில் இது ஒரு சாயங்கால வேலை. நம் பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மாதத்து அலைச்சல்.

7.5 சதவீத இட ஒதுக்கீடும் அப்படித்தான். 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். பொறியியலில் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இவ்வளவு பெரிய கதவு திறந்திருக்கிறது. ஆனால் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் போடுவது, எந்தப் பாடப்பிரிவைப் பின்னால் போடுவது என்று பிள்ளை கேட்கிறபோது பதில் சொல்லக் கடையில் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு. போன வருஷம் ஒரு பையன், நல்ல கட்-ஆஃப், பஸ் செலவு குறையும் என்பதற்காகப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டான். அவனுக்குத் திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கலாம் என்று பிற்பாடு ஒருவர் சொன்னபோது எனக்கு மூஞ்சி தொங்கிப்போனது. உங்களில் எத்தனை பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இன்ஜினியர்? ஒரு பிள்ளைக்கு அரை மணி நேரம், போனில். அவ்வளவுதான் கேட்கிறேன்.

அதே திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்தான் ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி. பள்ளிப் படிப்பு செங்கோட்டை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. 2023 செப்டம்பர் 2-ஆம் தேதி அந்த விண்கலம் சூரியனைப் பார்க்கக் கிளம்பியபோது, செங்கோட்டைப் பிள்ளை, நம்ம ஊர்ப் பக்கம் என்று நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். நம் பள்ளியில் இப்போது படிக்கிற பெண் ஒருத்தியைப் பற்றி முப்பது வருஷம் கழித்து அப்படிச் சொல்லப்போகிறவர்கள், இந்த ஜூன் மாதத்தில் அவளுக்கு என்ன செய்தோம் என்றும் சொல்ல முடிய வேண்டும்.

சரி, அடுத்தது பஸ்.

நவம்பரிலிருந்து பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் சிறப்பு வகுப்பு நடக்கும், சாயங்காலம் ஆறு மணி வரை. மேற்கே போகிற டவுன் பஸ் 5.20-க்கு ஒன்று, அதை விட்டால் 7.40-க்குத்தான். ஆறு மணிக்கு வகுப்பு முடிந்து 7.40 வரை பஸ் ஸ்டாண்டில் இருட்டில் நிற்க எந்த அம்மா பெண்பிள்ளையை விடுவார்? அதனால் மேற்கூர்ப் பெண்கள் ஐந்து மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடையிலிருந்து தினமும் பார்க்கிறேன். கணக்கு வகுப்பு அப்போதுதான் தொடங்கியிருக்கும். ரிசல்ட் வந்த பிறகு மேற்கூர்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வரவில்லை என்று சொல்கிறோம். வராமல் இல்லை, பஸ் போய்விடுகிறது.

பஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மேலாண்மைக் குழுவில் மூன்று தடவை தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம். இன்னும் மாறவில்லை. அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று மண்டபத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதில் எனக்கும் உடன்பாடு. அதனால்தான் சொல்கிறேன், வர்த்தகர் சங்கத் தலைவரும் செயலாளரும் வேட்டி சட்டையோடு நேரில் போய் ஒரு தடவை கேளுங்கள். எங்கள் தீர்மானம் தபாலில் போகிறது, நீங்கள் போனால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் கேட்பார்கள். அது நடக்கிற வரைக்கும் நவம்பர் முதல் மார்ச் வரை ஒரு வேன் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஐந்து மாத வாடகை, ஆர்ச்சுக்கு நீங்கள் பேசிய தொகையில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை.

வேனோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அரசின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இரண்டும் கிடையாது. காலையில் ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிற பிள்ளை, டிபன் பாக்ஸில் இருந்ததை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ராத்திரி வீடு போகும் வரை வெறும் தண்ணீரில் நிற்கிறது. போன ஜனவரியில் டீக்கடை வைத்திருக்கிற நம் செட்டுக்காரன் ஒருவன், அவனாகவே, ஒரு போணி நிறையப் பட்டாணிச் சுண்டல் தாளித்துச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தான். தேங்காய்ப் பூ போட்டு, மாங்காய் நறுக்கிப் போட்டு. மணி அடித்ததும் பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் நின்ற இரண்டு பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தான். அவர்கள் அப்பாக்களை அவனுக்குத் தெரியும். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் கொண்டுவந்தான். சிறப்பு வகுப்பில் ஆள் குறையாத இரண்டு மாதம் அதுதான் என்று தலைமையாசிரியை கூட்டத்தில் சொன்னார். தன் பேரை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதனால் இங்கேயும் எழுதவில்லை. அவன் ஒற்றை ஆளாகத் தாங்கியதை ஊராகச் சேர்ந்து நாம் தாங்க முடியாதா? வாரத்துக்கு ஒரு கடை என்று எடுத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. பக்கத்து மாவட்டத்து எட்டயபுரத்தில் 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது, அது ஊராரின் அரிசியிலும் பருப்பிலும்தான் நடந்தது. அரசின் பங்கு அதன்பிறகு வந்து சேர்ந்தது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தியபோதும் அப்படித்தான். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை, சில இடங்களில் நிலம் என்று ஊர்கள் கொண்டுவந்து இறக்கின. நம் பள்ளியின் கிழக்குக் கட்டடமே அந்தக் காலத்தில் ஊர்வரி போட்டுக் கட்டியது என்று என் அப்பா சொல்வார். இப்போதும் எத்தனையோ ஊர்களில் கல்விச் சீர் எடுக்கிறார்கள். மேளதாளத்தோடு, தாம்பாளத் தட்டில் நோட்டும் பேனாவும், தலைச்சுமையாகப் பீரோவும் நாற்காலியும், கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவருகிற மாதிரி பள்ளிக்கு ஊர்வலமாக வருகிறார்கள். நாமும் மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தோம். அன்றைக்கு வந்த நாற்காலிகளில்தான் இன்றைக்கும் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய்மாமன் சீர் வைத்ததோடு போய்விடுவதில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவனும் அவன்தான். அந்த முறையில்தான் உங்களைக் கூப்பிடுகிறேன்.

கோவில்பட்டியைப் பாருங்கள். அந்த ஊரில் ஹாக்கி எப்படி வளர்ந்தது? அங்கே அது ஊரின் ஆட்டம். பள்ளி மைதானங்களில் சாயங்காலமும் காலையிலும் பழைய ஆட்டக்காரர்கள் நின்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டிக்கு இந்தியா முழுவதிலிருந்தும் அணிகள் வருகின்றன. அப்படி வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி எடுத்த அரியலூர்ப் பையன் கார்த்தியும் 2022-ல் இந்திய அணிக்காக ஆசியக் கோப்பையில் ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். ஒரு தலைமுறை ஆடியதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்து நின்றதால் கிடைத்தது அது.

கல்வெட்டில் பெயர் வர வேண்டும் என்ற ஆசையையும் நான் தப்பாக நினைக்கவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் கொடிக்குளம் என்று ஓர் ஊர். அங்கே இருந்த அரசு நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க இடம் இல்லை. வங்கியில் வேலை பார்க்கிற ஆயி பூரணம் என்கிற அம்மா, தன் பேரில் இருந்த 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024 ஜனவரியில் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். ஏழு கோடி ரூபாய் பெறும் என்று சொன்னார்கள். அவரும் ஒரு பெயர் கேட்டார், இறந்துபோன தன் மகள் ஜனனியின் பெயர். அந்த வருஷக் குடியரசு தினத்தில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனசில் நின்றது ஏழு கோடி இல்லை. அந்தப் பள்ளிக்கு எது இல்லாமல் நிற்கிறது என்று பார்த்து அதைக் கொடுத்தாரே, அதுதான். அப்படிப் பார்த்துவிட்டு நம் பள்ளிக்கு எது வேண்டுமோ அதற்குப் பெயர் வையுங்கள். வேனில் உங்கள் அப்பா பெயரை எழுதுங்கள். மேற்கூர்ப் பிள்ளைகள் தினமும் அந்தப் பெயரைப் படித்துவிட்டு ஏறுவார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதவே கஷ்டமாக இருந்தது, ஆனால் விடக் கூடாது. ஃப்ளெக்ஸ் வைத்த அதே ரிசல்ட்டில் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் தவறிப்போன பிள்ளைகளும் உண்டு. அவர்கள் வீட்டுக்கு யாரும் போகவில்லை. நானும் போகவில்லை. ஒரு பையன் கடைக்கு ரிசல்ட் பார்க்க வந்து, நம்பரைத் தட்டி, திரையில் பார்த்துவிட்டு, பத்து ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் போனான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஆள் நின்றதால் அடுத்த நம்பரைத் தட்டிவிட்டேன். அவன் இப்போது தென்காசியில் ஒரு புரோட்டாக் கடையில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரே ஒரு பாடம், அறிவியல்.

திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 பெண்பிள்ளைகள் சேர்ந்து செய்த ஆசாதிசாட் செயற்கைக்கோளில் அவர்களுக்கும் பங்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி ராக்கெட் கிளம்பியது, ஆனால் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை, எல்லாம் வீண். திரும்பவும் இன்னொன்று செய்து 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி அனுப்பினார்கள், போய்ச் சேர்ந்தது. நான் நினைத்துப் பார்ப்பது நடுவில் இருந்த அந்த ஆறு மாதத்தைத்தான். விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும் என்று பெரியவர்கள் விட்டிருந்தால் இரண்டாவது ஏது? நம் பையனுக்கும் ஜூலையில் துணைத் தேர்வு இருக்கிறது. யாராவது போய் அவனைக் கூட்டி வர வேண்டும், முதலாளியிடம் பேசி ஒரு மாதம் லீவு வாங்க வேண்டும், அறிவியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஏழு பேர் இருக்கிறீர்கள், நான் எண்ணிப் பார்த்தேன்.

கடைசியாக எங்கள் குழுத் தலைவியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராகப் பிள்ளை படிக்கிற ஒரு தாய்தான் வர வேண்டும் என்பது விதி. நம் குழுத் தலைவியும் பீடி சுற்றுகிறவர்தான். கூட்டம் நடக்கிற வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு ஐந்நூறு பீடி குறையும். வாரக் கணக்கு முடிக்கும்போது அது தெரியும். இதுவரை ஒரு கூட்டம்கூட அவர் விட்டதில்லை. முதல் கூட்டத்தில் வாயே திறக்காதவர், இப்போது கழிவறைத் தண்ணீர் பற்றி, பஸ் பற்றி, எந்தப் பிள்ளை நாலு நாளாக வரவில்லை என்பது பற்றித் தானே பேசுகிறார். அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள், தெரியாமல் விட்டிருப்பீர்கள். ஆனால் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்க நம் ஊரில் சரியான ஆள் அவர்தான்.

இந்த மாதக் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிற ஆறாம் வகுப்பு அறையில். வெளியூரில் இருக்கிறவர்கள் போனில் சேர்ந்துகொள்ளலாம், நான் இணைத்து விடுகிறேன். ஆர்ச் பற்றி அங்கேயே வைத்துப் பேசுவோம், தலைவி முன்னால். துணைத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருப்பதால், அறிவியல் ஆசிரியராக இருந்தவர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் காலையில் கடைக்கு வந்தால் தென்காசிக்கு எட்டரை மணி பஸ்ஸில் நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
பள்ளி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்காரன்,
1994 பத்தாம் வகுப்பு செட்